750 சதுர அடி ரூஃபுக்கு சென்ட்ரிங் சாமான் கணக்கு: ஷீட், பிளைவுட், ஜாக்கி எத்தனை?

சைட்_பொறுப்பு

வணக்கம். தரைத்தள ரூஃப் கான்கிரீட்டுக்கு சென்ட்ரிங் சாமான் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் ஷீட், பலகை, ஜாக்கி எனும் இரும்பு முட்டு) வாடகைக்கு எடுக்க வேண்டும். மேஸ்திரி "750 சதுர அடி, ஷீட் 125, ஜாக்கி 120, 14 நாள் வாடகை" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். 750ஐ 6ஆல் வகுத்து 125 என்பது தெரிகிறது, மற்றது புரியவில்லை.

விவரம்: வெளி அளவு 30 × 25 அடி. பில்லர் 12. 30 அடிப் பக்கம் 4, 25 அடிப் பக்கம் 3, சம இடைவெளி. பில்லர் 9 × 12 இன்ச், 12 இன்ச் முகம் 30 அடி நீளவாக்கில் இருக்கிறது. பீம் எல்லாம் 9 இன்ச் அகலம், தளத்தோடு சேர்த்து 15 இன்ச் ஆழம். தளம் 5 இன்ச். தரையிலிருந்து தளத்தின் அடிமட்டம் வரை 10 அடி. பேஸ்மெண்டில் மண் நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்தாயிற்று, பி.சி.சி. (கம்பியில்லாத தரைக் கான்கிரீட்) இன்னும் போடவில்லை. சிமெண்ட் பி.பி.சி. (பொசோலானா கலந்த சிமெண்ட்). மாடிப்படியும் சன்ஷேடும் தனி. தளத்துக்கு இரும்பு ஷீட் 3 × 2 அடி, பீமுக்கு 8 × 4 பிளைவுட். எதை எவ்வளவு எடுப்பது?

அளவுப்_புத்தகம்

750 என்பது தளத்தின் மேல்பரப்பு. சென்ட்ரிங்குக்கு வேண்டியது கான்கிரீட் தொடும் பரப்பு. இரண்டும் வேறு. வரிசையாகப் போடுவோம்.

பீம் நீளத்தைப் பில்லர் முகத்திலிருந்து முகம் வரை எடுங்கள். 30 அடி வாக்கில் 30 – 4 = 26 அடி, மூன்று வரிசைக்கு 78. 25 அடி வாக்கில் 25 – 2¼ = 22¾ அடி, நான்கு வரிசைக்கு 91. மொத்தம் 169 ஓட்ட அடி.

பீம் அடிப்பக்கம்: 169 × ¾ = 127 சதுர அடி.
பீம் உள்பக்கம் (தளத்துக்குக் கீழே 10 இன்ச் மட்டும்): 240½ ஓட்ட அடி, அதாவது 200 சதுர அடி.
வெளிப்பக்கம் (தள ஓரமும் சேர்த்து முழு 15 இன்ச்): சுற்றளவு 110 அடி, 137½ சதுர அடி.
தளத்தின் அடிப்பக்கம்: 750 – 127 – பில்லர் தலை 9 = 614 சதுர அடி.

கூட்டினால் சுமார் 1,079. பில்லர் தனி: சுற்றளவு 3½ அடி, பீமின் அடிமட்டம் வரை உயரம் 9 அடி 2 இன்ச், 12 பில்லருக்கு 385 சதுர அடி. ஆனால் 12 பில்லர் பெட்டியும் (பில்லரைச் சுற்றி அடைக்கும் அச்சு) ஒரே நாளில் வேண்டாம். பில்லர் பக்கத்தை 16 முதல் 24 மணி நேரத்தில் கழற்றலாம் என்று ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை) சொல்கிறது. 6 பெட்டி எடுத்து இரண்டு முறை போட்டால் போதும். ஒரு பில்லருக்கு 7 கிளாம்ப், கீழ் 3 அடியில் அடிக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்றரை அடிக்கு ஒன்று. கான்கிரீட்டின் அழுத்தம் அடியில்தான் அதிகம், பெட்டி வயிறு தள்ளுவதும் அங்கேதான்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி: தளம், பீம் கான்கிரீட் சேர்ந்து சுமார் 425 கன அடி, அதாவது 12 கன மீட்டர். சென்ட்ரிங் 100 சதுர மீட்டர். கன மீட்டருக்கு 8.3 சதுர மீட்டர். இந்த மாதிரி மெல்லிய தளத்தில் இது 5 அல்லது 6 என்று வந்தால் ஏதோ ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள். பெரும்பாலும் விடுபடுவது பீமின் பக்கங்கள்.

கூலியை மேல்பரப்பில் பேசுவதா, தொடும் பரப்பில் பேசுவதா என்பதை வேலை தொடங்கும் முன் எழுதி வையுங்கள். ஐ.எஸ். 1200 (கட்டட வேலையை அளக்கும் தரநிலை) முறைப்படி அளந்தால் 0.4 சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புக்குக் கழிவு கிடையாது.

பிளைவுட்_கட்டிங்

பரப்பு சரி. ஆனால் அதை ஷீட் பரப்பால் வகுத்து ஆர்டர் போடாதீர்கள். சாமான் துண்டாகத்தான் வருகிறது.

உங்கள் தளத்தில் பீம்களுக்கு நடுவே 6 கட்டம், ஒவ்வொன்றும் 9 அடி × 11 அடி 4½ இன்ச். ஷீட்டின் 3 அடிப் பக்கம் 9 அடியில் மூன்று முறை கச்சிதமாக உட்காரும். 2 அடிப் பக்கம் ஐந்து முறை போட்டால் 10 அடி, மீதி 16½ இன்ச். ஆக கட்டத்துக்கு 15, மொத்தம் 90 ஷீட். மேஸ்திரி சொன்ன 125ல் 35 ஷீட் சும்மா கிடந்து வாடகை ஏறும். 614ஐ 6ஆல் வகுத்தால் 103 வரும், அதிலும் 13 ஷீட் எங்கும் பொருந்தாது. அந்த 16½ இன்ச் பட்டைக்கு 3 பிளைவுட் தனியாக வேண்டும். ஷீட் ஆங்கிள் சட்டத்தோடு உயர்ந்திருக்கும், பிளைவுட் மெல்லிசு. அடியில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து முகத்தைச் சமப்படுத்தாவிட்டால் சீலிங்கில் படி விழும், பூச்சு அங்கே தடிக்கும்.

பீமுக்கு 18 மி.மீ. பிளைவுட்டை 8 அடி நீளவாக்கில் அறுங்கள். அடிப்பலகை இரண்டு பக்கப் பலகைக்கும் நடுவில் உட்காருவதால் பக்கப் பலகைக்கு ¾ இன்ச் கூட்ட வேண்டும்.

அடிப்பலகை 9 இன்ச்: ஒரு பிளைவுட்டில் 5 பட்டை, 40 அடி. 169 அடிக்கு 5 பிளைவுட்.
உள்பக்கம் 10¾ இன்ச்: 4 பட்டை, 32 அடி. 240½ அடிக்கு 8 பிளைவுட்.
வெளிப்பக்கம் 15¾ இன்ச்: 3 பட்டை, 24 அடி. 110 அடிக்கு 5 பிளைவுட்.

தளத்தின் 16½ இன்ச் பட்டைக்கான 3ம் சேர்த்து 21 பிளைவுட். வெறும் பரப்பால் வகுத்திருந்தால் 17 அல்லது 18தான் வந்திருக்கும். வெளிப்பக்கத்தில் மூன்று பட்டையும் ரம்பம் தின்பதும் சேர்ந்து 47½ இன்ச், 48க்குள் நூலிழையில் அடங்குகிறது. பீம் ஆழம் 16 இன்ச்சாக இருந்தால் இரண்டு பட்டைதான் கிடைக்கும், 5 பிளைவுட் 7 ஆகிவிடும். அதனால் டிராயிங்கில் பீம் ஆழம் மாறியதா என்று பார்த்த பிறகே அறுங்கள்.

ஜாக்கி: ஷீட் இணையும் இடத்தில் 3 அடிக்கு ஒரு கட்டை வரிசை, கட்டத்துக்கு 4 வரிசை, வரிசைக்கு 4 ஜாக்கி. 6 கட்டத்துக்கு 96. கட்டை 4 × 3 இன்ச், 4 இன்ச் செங்குத்தாக நிற்க வேண்டும், மொத்தம் 273 அடி. பீமுக்கு 3 அடிக்கு மிகாமல்: குட்டை ஸ்பேன் (பில்லருக்குப் பில்லர் உள்ள பீம் துண்டு) 9க்கு தலா 4, நீள ஸ்பேன் 8க்கு தலா 5, ஆக 76. அடிப்பலகைக்குக் கீழே இரண்டு ரீப்பர் ஓட வேண்டும், அது 338 அடி. கூட்டினால் 172 ஜாக்கி, மடங்கியது, பின் இல்லாதது கழிய 180 எடுங்கள். 2 முதல் 3.5 மீட்டர் வரை நீளும் அளவு பொருந்தும்.

சைட்_பொறுப்பு

மிக்க நன்றி சார். 180 என்றதும் மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. பீம் ஓரத்து வரிசைக்கு ஜாக்கி வேண்டாம், பீம் பக்கப் பலகையில் ரீப்பர் அடித்து ஷீட்டை அதன்மேல் உட்கார வைக்கலாம் என்கிறார். சரியா?

முட்டும்_ஆப்பும்

பாதி சரி. எடையைப் பாருங்கள். 5 இன்ச் ஈரக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 3.3 கிலோநியூட்டன், ஆள், வைப்ரேட்டர் நடமாட்டத்துக்கு 1.5, சாமான் எடை 0.5. மொத்தம் 5.3. தள நடு ஜாக்கிக்கு சுமார் 520 கிலோ வருகிறது. ஓரச் சுமையைப் பீம் மேல் ஏற்றினால் நடு பீம் ஜாக்கிக்கு 600 கிலோவைக் கொஞ்சம் தாண்டும். நல்ல ஜாக்கி தாங்கும், ஆனால் எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு தாங்குதிறன் குறையும் என்பதால் கடைக்காரரிடம் அந்த உயரத்துக்கான அளவைக் கேளுங்கள்.

பிரச்சினை ஜாக்கியில் இல்லை, ஆணியில். ரீப்பர் வெறும் ஆணியில் தொங்கினால் கான்கிரீட் கொட்டும்போது பிடுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு ஜாக்கி தலையிலும் குறுக்குக் கட்டை வைத்து, அதன் மேல் நிற்கும் குட்டைக் கட்டை ரீப்பரைத் தாங்க வேண்டும். நடு பீமில் இரண்டு பக்கமும் சுமை சமம், அங்கே இதைச் செய்யலாம். வெளி பீமில் ஒரு பக்கம் மட்டும் சுமை, ஜாக்கி தலை உள்நோக்கிச் சாயும், அங்கே கூடாது. நடு பீம் ஓர வரிசை 8ல் 32 ஜாக்கி குறையும். ஆக 140. அதற்குக் கீழே இறங்காதீர்கள், 120க்கு வழியே இல்லை.

எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தரையைப் பற்றித்தான். பி.சி.சி. இல்லாத நிரப்பு மண்ணில் ஜாக்கித் தகடு நேராக நிற்கக் கூடாது. கான்கிரீட் அன்று ஒழுகும் தண்ணீரில் மண் இளகி, சில ஜாக்கி மட்டும் இறங்கும், தளம் அங்கே தொய்ந்தபடியே இறுகிவிடும். ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் 9 இன்ச் அகலப் பலகை ஓடட்டும். முடிந்தால் பி.சி.சி.யை முதலில் போட்டுவிடுங்கள், அதுவே நல்லது. செங்கல் அடுக்கி உயரம் கூட்டக் கூடாது. பாதி உயரத்தில் இரு வாக்கிலும் குறுக்குக் கம்பு கட்ட, தள ஜாக்கிகளுக்கு மட்டும் சுமார் 490 அடி சவுக்கு வேண்டும். இதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை.

அடுத்து நாள் கணக்கு. ஐ.எஸ். 456ல் 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு முட்டு (ஜாக்கி) 7 நாள், 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள். இது ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லேண்ட்) சிமெண்டுக்கு. பி.பி.சி. என்றால் மத்திய பொதுப்பணித் துறை விவரக்குறிப்பு ஏழுக்குப் பத்து (10/7) என்ற விகிதத்தில் கூட்டச் சொல்கிறது, அதாவது 7 நாள் 10 ஆகும், 14 நாள் 20 ஆகும். ஷீட்டை 3 நாளில் எடுக்கலாம் என்று அதே ஐ.எஸ். 456ல் உள்ள வரியை நம்பி வாடகை போடாதீர்கள், உடனே ஜாக்கியை மறுபடி கொடுத்தால்தான் அது பொருந்தும், கட்டை மேல் உட்கார்ந்த ஷீட்டில் அது நடக்காது.

ஷீட் அடுக்கிக் கம்பி கட்ட 6 நாள் என்று வைத்தால் தளச் சாமானுக்கு 16 நாள், பீம் ஜாக்கிக்கும் அடிப்பலகைக்கும் 26 நாள். 96 × 16, 76 × 26 கூட்டினால் 3,512 ஜாக்கி நாள். 172ஐ 14 நாளுக்குப் பேசினால் 2,408தான் வரும். நடு பீம் ஓர ஜாக்கியைக் குறைத்தால் அங்கே தள ஷீட்டும் பீம் பலகையோடு 20 நாள் நிற்க வேண்டும், அந்த வாடகையையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கழற்றும்போது நடுவிலிருந்து பீம் பக்கமாக வாருங்கள், சன்ஷேடில் மட்டும் வெளி நுனியிலிருந்து சுவர் பக்கமாக. முதல் மாடித் தளம் உடனே போடுவதாக இருந்தால், அந்தக் கான்கிரீட் அன்று கீழ்த்தளத்துக்கு அடியிலும் ஜாக்கி நிற்க வேண்டும், ஆர்டர் கொடுக்கும்போதே அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.