வாக்குவம் ஃபார்மிங்: மூலையில் மடிப்பு விழுகிறதே?

சுங்கை சிப்புட் லோரிப்பையன்:
செம்பனை லோரி மாடல் செய்கிறேன், 1:24 அளவு. கேபினுக்கு ரப்பர் மரத்தில் அச்சு செதுக்கி, 1 மி.மீ. ஹிப்ஸ் பிளாஸ்டிக் ஷீட்டை ஓவனில் சூடாக்கி, வாக்குவம் கிளீனரால் அச்சின்மேல் படியும்படி இழுக்கிறேன். மூலையில் மடிப்பு விழுகிறது, அச்சும் உள்ளே சிக்கிக்கொள்கிறது. என்ன செய்யலாம் அண்ணே?

பட்டறைக்காரன்:
பக்கம் நேர்செங்குத்தாக இருந்தால் சிக்கத்தான் செய்யும் தம்பி. 3 முதல் 5 டிகிரி சாய்வு கொடு, பள்ளமான இடங்களில் 1 மி.மீ.க்கும் சின்னதாகத் துளை போடு, அங்கே மாட்டும் காற்றுக்கு வேறு வழி கிடையாது. மடிப்புக்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: ஷீட் ரொம்பத் தொங்கும்வரை சூடாக்குவது, இல்லை என்றால் அச்சு உயரமாக இருந்து சுற்றிலும் இடம் போதாதது. கடிகாரத்தைப் பார்க்காதே, ஷீட்டைப் பார். லேசாகத் தொங்கியதும் இழுத்துவிடு.

ஈப்போ அக்கா:
லோரி ஜன்னல் கண்ணாடிக்கு பிஇடிஜி என்ற தெளிவான பிளாஸ்டிக் ஷீட் வாங்குங்க. பாட்டில் பிளாஸ்டிக் சூடு கூடினால் பால்போல வெளுத்துவிடும். அப்புறம், சமையல் ஓவன் வேண்டவே வேண்டாம், பழசு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்க. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும், பிவிசி ஷீட்டைத் தொடவே தொடாதீங்க.

சுங்கை சிப்புட் லோரிப்பையன்:
சரிக்கா. பிவிசி வாங்கத்தான் இருந்தேன்!