கலைச்சொல் வேண்டும்: பிரெஞ்சு ‘பாஸே சேம்ப்ல்’

மடல் 1 – பாரிஸ் புறநகரிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

பிரெஞ்சு வினைத்திரிபுகளைத் தமிழில் விளக்கி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊரிலிருந்து வந்து இங்கே பிள்ளைகளைப் படிக்க விட்டிருக்கும் தாய் தகப்பனுக்காக. நிகழ்காலமும் எதிர்காலமும் வில்லங்கமில்லாமல் முடிந்துவிட்டன. ‘பாஸே சேம்ப்ல்’ என்ற இறந்தகால வடிவத்தில் நின்றுவிட்டேன்.

பிள்ளை கொப்பியில் ‘இல் நாக்கி’ (பிறந்தான்), ‘இல் ஃப்யூ’ (இருந்தான்) என்று எழுதிப் பாடமாக்குது. வேலைத்தலத்தில் நாள் முழுக்கப் பிரெஞ்சு கதைக்கிற தகப்பனுக்கோ அந்தச் சொற்கள் காதிலே விழுந்ததில்லை. பிள்ளை பிழையாக எழுதிவிட்டது என்று நினைக்கிறார். வாயால் கதைக்கும்போது எல்லாரும் ‘பாஸே கொம்போஸே’ என்ற இன்னொரு இறந்தகாலத்தைத்தான் பாவிக்கிறார்கள். மற்றது புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் தமிழில் பெயர் வேண்டும்.

மடல் 2 – மதுரையிலிருந்து

‘சேம்ப்ல்’ என்றால் எளிய. ‘எளிய இறந்தகாலம்’ என்று வைத்துவிட்டுப் போகலாமே? அது பிடிக்கவில்லை என்றால் ‘இலக்கிய இறந்தகாலம்’, ‘கதை இறந்தகாலம்’, ‘முற்றிறந்தகாலம்’. நான்கு சொல் வைத்திருக்கிறேன், அடித்துத் துவையுங்கள்.

மடல் 3 – புதுச்சேரியிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கும் மதுரை ஐயாவுக்கும்,

பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘எளிய’வை முதலில் எடுத்துவிடுவோம். இந்தச் சேம்ப்லுக்கும் எளிமைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. துணைவினை சேராமல் ஒரே சொல்லாக நிற்கிறது என்பதுதான் பொருள். ‘இல் பார்லா’ என்றால் அவன் பேசினான். வினை ஒரு சொல். ‘இல் ஆ பார்லே’ என்றாலும் அவன் பேசினான்தான், ஆனால் அங்கே ‘ஆ’ துணைக்கு வந்து நிற்கிறது. ‘ஃபுத்யூர் சேம்ப்ல்’ என்று ஒரு எதிர்காலமும் உண்டு, அதுவும் இதே கணக்குத்தான். எளிய இறந்தகாலம் என்று தலைப்புப் போட்டு அதற்குக் கீழே உண்மையான அட்டவணையை வைத்தால் பிள்ளைகள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அட்டவணையைப் பாருங்கள். ‘பார்லே’ (பேசு) போன்ற முதல் வகை வினைகளுக்குப் பார்லே, பார்லா, பார்லா, பார்லாம், பார்லாத், பார்லேர். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று ஒருமையில் மூன்று, பன்மையில் மூன்று. இதிலேயே ஒரு வம்பு: ‘பேசினேன்’ என்பதற்கு வரும் ‘பார்லே’யும் ‘பேசிக்கொண்டிருந்தேன்’ என்பதற்கு வரும் ‘பார்லே’யும் பலர் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. கடைசியில் ஒரு ‘எஸ்’ இருக்கிறதா இல்லையா என்பதுதான் எழுத்தில் வித்தியாசம். பிரெஞ்சுக்காரர்களே இதில் தவறுகிறார்கள்.

இரண்டாம் வகையில் இகரம்: ஃபினி, ஃபினி, ஃபினி, ஃபினீம், ஃபினீத், ஃபினீர். ஒருமையில் நிகழ்காலமும் இப்படித்தான் இருக்கும். ‘இல் ஃபினி’ என்று தனியாக எழுதிக் காட்டினால் முடிக்கிறானா முடித்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றாம் வகையில் ‘யூ’: வூல்யூ (விரும்பினான்), வூல்யூர் (விரும்பினார்கள்). நான்காம் வகையில் ‘வெனீர்’ (வா), ‘தெனீர்’ (பிடி) என்ற இரண்டும் அவற்றின் வழிவந்தவையும் மட்டும்: வேன், வேன், வேன், வேன்ம், வேன்த், வேன்ர்.

எந்த வினை எந்த வகையில் விழும் என்பதுதான் கஷ்டம். கொம்போஸேயில் வரும் எச்சவடிவத்தைப் பார்த்துப் பிடிக்கலாம் என்று சொல்லிக்கொடுப்போம். ‘ல்யூ’ (படித்த) என்றால் இங்கேயும் ‘ல்யூ’ (படித்தான்). ‘ப்யூ’ (குடித்த) என்றால் ‘ப்யூ’. சரி என்று மாணவன் நம்பிய மறுநிமிடம் ‘வ்யூ’ (பார்த்த) வந்து ‘வி’ என்று மாறிவிடும். ‘வாந்த்யூ’ (விற்ற) என்பது ‘வாந்தி’ (விற்றான்) ஆகிவிடும். நம்மூர் வகுப்பில் அந்த வினையைச் சொன்னபிறகு கொஞ்ச நேரம் பாடம் நடக்காது. ‘த்ரேர்’ (பால் கற), ‘குலோர்’ (மூடு) போன்றவற்றுக்கு இந்தக் காலமே கிடையாது. பழங்கதையில் ஒருத்தி மாட்டில் பால் கறந்தாள் என்று எழுத வேண்டுமானால் ஆசிரியர் சுற்றி வளைத்துத்தான் எழுத வேண்டும்.

தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலும் உயிரெழுத்தின் மேல் ஒரு கூரைக் குறி உண்டு. 1990இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, பல சொற்களில் ‘இ’, ‘யூ’ மேலிருந்த கூரையை எடுத்துவிடலாம் என்றது. இந்த வினைவடிவங்களில் கை வைக்கவில்லை. கையேட்டில் இதைக் குறிப்பிடுங்கள் அம்மா. ‘இப்போதுதான் கூரை வேண்டாமே’ என்று யாராவது பிள்ளைக்குத் தவறாகச் சொல்லிவிடுவார்கள்.

இனி ‘இலக்கிய’. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இடம் மாறிப்போகிறது. தூங்கப்போகும் குழந்தைக்குச் சொல்லும் கதையின் கடைசி வரியில், சுகமாக வாழ்ந்தார்கள், நிறையப் பிள்ளைகள் பெற்றார்கள் என்று வருமே, அதில் ‘வேக்யூர்’, ‘யூர்’ இரண்டும் பாஸே சேம்ப்ல்தான். வரலாற்று நூல்களிலும் உண்டு, செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில்கூடத் தலைகாட்டும். மறுபக்கம், காம்யூவின் ‘அந்நியன்’ நாவல் (1942) கொம்போஸேயில் எழுதப்பட்டது. அது இலக்கியமில்லை என்று சொல்லிவிட முடியுமா?

‘முற்றிறந்தகாலம்’ நம் இலக்கணத்தோடு மோதும். வந்தான் என்பதை ஏற்கனவே இறந்தகால வினைமுற்று என்கிறோம். இரண்டு முற்றையும் பிள்ளை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

பொதுவாகவே, பொருளை வைத்துப் பெயரிட எனக்குப் பயம். காரணம் பிரெஞ்சுக்காரர்களே. 1660இல் வந்த போர்ரொயால் இலக்கணம் கொம்போஸேயை ‘வரையறுத்தது’ என்றும், சேம்ப்லை ‘வரையறாதது’ என்றும் அழைத்தது. சேம்ப்லில் சொல்ல வேண்டுமானால் அந்தச் செயலுக்கும் பேசும் நேரத்துக்கும் நடுவே ஒரு நாளாவது போயிருக்க வேண்டும் என்றது. பின்னால் வந்த இலக்கணங்கள் அந்தப் பெயர்களை அப்படியே தலைகீழாக மாற்றி, சேம்ப்லை ‘வரையறுத்தது’ ஆக்கின. அந்த ஒருநாள் விதியை இன்று யாரும் பார்ப்பதில்லை. பொருளும் வழக்கும் இப்படி நகர்ந்துகொண்டே இருக்கும். வடிவம் இருந்த இடத்தில் இருக்கும்.

ஆகவே என் பரிந்துரை: ‘தனிவினை இறந்தகாலம்’, ‘துணைவினை இறந்தகாலம்’. தனிவினையும் துணைவினையும் நம் பள்ளி இலக்கணத்திலேயே இருக்கும் சொற்கள். ‘பேசிக்கொண்டிருந்தேன்’ என்பதற்கு வரும் ‘ஏம்பார்ஃபே’யும் ஒரே சொல்தானே என்று கேட்பீர்கள். அதற்குத் ‘தொடர் இறந்தகாலம்’ என்று தனிப்பெயர் புழக்கத்தில் இருப்பதால் மோதல் வராது.

மடல் 4 – பாரிஸ் புறநகரிலிருந்து

நன்றி ஐயா. ‘கதை இறந்தகாலம்’ பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் கதைக்கிறது என்றால் பேசுகிறது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் ‘கதை இறந்தகாலம்’ என்று வாசித்தால் வாயால் கதைக்கும்போது பாவிக்கிறது என்றுதான் எடுப்பார். ஒருவரும் வாயால் கதைக்காத காலத்துக்கு அந்தப் பெயர் சரிவராது. நல்ல சொல், ஆனால் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும்.

இன்னொரு விசயம். 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் சின்ன வகுப்புகளில் படர்க்கை வடிவங்கள் போதும் என்றது. பத்திரிகைகளில் பெரிய சண்டை நடந்தது. எனக்கு அது நியாயமாகத்தான் படுகுது. கதைப் புத்தகத்தில் ‘பார்லா’வும் ‘பார்லேர்’உம் பக்கத்துக்குப் பக்கம் வரும், ‘பார்லாத்’தைப் பிள்ளை எங்கே காணப்போகுது? கையேட்டில் படர்க்கை இரண்டையும் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

மடல் 5 – மதுரையிலிருந்து

என் நான்கும் போச்சு, சரி. ஆனால் ஐயா, ‘தனிவினை’யில் ஒரு சிக்கல். தன்வினை, பிறவினை என்று ஒரு சோடி இருக்கிறதே. தனிவினைக்கும் தன்வினைக்கும் ஒரு இகரம்தான் வித்தியாசம். அச்சில் எழுத்து விழுந்தால் இலக்கணமே மாறிவிடும். ‘ஒருசொல் இறந்தகாலம்’ என்றால் என்ன? விளக்கமே தேவையில்லை, பார்த்ததும் புரியும்.

மடல் 6 – புதுச்சேரியிலிருந்து

தன்வினைக் குழப்பம் நியாயமானது. ‘ஒருசொல் இறந்தகாலம்’ எனக்குச் சம்மதம். எதிர்காலத்தையும் ‘ஒருசொல் எதிர்காலம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கொம்போஸேயை ‘இருசொல் இறந்தகாலம்’ ஆக்கிவிடாதீர்கள். எதிர்மறை வரும்போது ‘பா’ நடுவில் புகுந்துகொள்ளும், சொல் எண்ணிக்கை இரண்டில் நிற்காது. அது துணைவினை இறந்தகாலமாகவே இருக்கட்டும். வந்திருக்கிறான் என்பதோடு அதை ஒப்பிட்டுக் காட்டுங்கள். கட்டுமானம் நன்றாகப் புரியும். கையோடு, பொருள் பெரும்பாலும் வந்தான்தான் என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மடல் 7 – பாரிஸ் புறநகரிலிருந்து

அப்படியே எடுத்துக்கொள்கிறேன்: ஒருசொல் இறந்தகாலம், துணைவினை இறந்தகாலம். ‘எழுத்து வழக்கில் மட்டும்’ என்பதைப் பெயரில் திணிக்காமல் அட்டவணைக்கு மேலே சிறு எழுத்தில் போடுகிறேன். துணைவினையையே ஒருசொல் இறந்தகாலத்தில் வைத்து ‘பாஸே ஆன்தேரியர்’ என்று இன்னொன்று செய்கிறார்களே, அதற்கு நாளை தனி இழை தொடங்குகிறேன். மதுரை அண்ணா இந்த முறை ஒரு சொல்லோடு வந்தால் போதும்.