கருத்தடை மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து பிபி ஏறுகிறது, நிறுத்திவிடலாமா?

மதுரைக்காரி:
வயது 36, இரண்டு பிள்ளைகள். எட்டு மாதமாகத் தினசரி கருத்தடை மாத்திரை எடுக்கிறேன். போன வாரம் பல் பிடுங்கப் போன இடத்தில் பிபி 148/96. மாடி ஏறி வந்த படபடப்பு என்று விட்டுவிட்டேன், ஆனால் வீட்டில் மூன்று நாள் காலையில் உட்கார்ந்து பார்த்தும் 145-க்குக் கீழே இறங்கவே இல்லை. உப்பைக் குறைத்தால் போதும் என்கிறார் அத்தை.

ஊறுகாய்ப் பிரியை:
அட்டையின் பின்னால் பாருங்கள், 'எத்தினைல் எஸ்ட்ராடியால்' இருக்கிறதா? அந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான் சிலருக்கு பிபியை ஏற்றும். 140/90-ஐத் தாண்டினால் பொதுவாக இந்த வகை வேண்டாம், 160/100 என்றால் கூடவே கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயை நிறுத்தி மட்டும் சரியாகாது (நான் முயன்று பார்த்தவள்).

ஓய்வுபெற்ற நர்ஸ்:
இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள் அம்மா. வேறு கருத்தடை முறைக்கு மாறாமல் சும்மா நிறுத்தினால் கர்ப்பம் தரிக்கலாம், அதுவரை ஆணுறையாவது வேண்டும். கருப்பையில் வைக்கும் காப்பர் டி-யில் ஹார்மோனே கிடையாது, அதில் 380ஏ வகை பத்து வருடம் தாங்கும், அரசு மருத்துவமனையில் இலவசம். பிபிக்கு டெல்மிசார்ட்டன் எழுதினால் கருத்தடை பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள், கர்ப்பத்தில் அது குழந்தைக்கு ஆபத்து. நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, பார்வை மங்குவது என்றால் உடனே அவசரப் பிரிவு.

மதுரைக்காரி:
அட்டையைப் பார்த்தேன், அதேதான். நாளைக்குப் போகிறேன் அக்கா.