கல்லூரி குவார்ட்டர்பேக்குகளில் யாருடைய கை பலமான கை?

சனிக்கிழமைக்காரன்:

வணக்கம். வீட்டில் மூன்று வாரமாக ஓடும் சண்டையை இங்கே கொண்டு வருகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 2000-க்குப் பிறகு வந்த குவார்ட்டர்பேக்குகளில் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்கள்) யாருக்குக் கை பலம் அதிகம்?

என் மச்சான் எல்.எஸ்.யூ.வில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) படித்தவர். அவருக்கு அங்கே ஆடிய ஜமார்க்கஸ் ரஸ்ஸலை விட்டால் ஆளே கிடையாது. முழங்காலில் நின்றபடியே அறுபது யார்டு எறிவான் என்று ஆரம்பித்தால், சாப்பாடு ஆறும்வரை விடமாட்டார். நான் டெக்சஸ் டெக்கின் பாட்ரிக் மஹோம்ஸ் கட்சி. 2016 அக்டோபர் 22 அன்று லப்பக்கில் டெக்சஸ் டெக்கும் ஓக்லஹோமாவும் மோதியபோது மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மஹோம்ஸ் 88 தடவை எறிந்தார், 734 யார்டு. எதிர்ப்பக்கம் பேக்கர் மேஃபீல்ட் 7 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது) எறிந்தார். இரண்டு அணிகளுக்கும் ஆளுக்குச் சரியாக 854 யார்டு. 66-59 என்று எங்கள் பக்கம் தோற்றது. வெளியே வரும்போது தோற்ற வருத்தமே வரவில்லை, அப்படி ஒரு ஆட்டம்.

நடுவில் என் மகள், ஒன்பதாம் வகுப்பு, எல்.எஸ்.யூ.வின் ஜோ பரோதான் என்கிறாள். "அவருக்கு அவ்வளவு பலமான கை இல்லையே" என்றால், "பந்து போய்ச் சேர்ந்தா போதாதாப்பா?" என்று கேட்கிறாள். பதில் தெரியவில்லை.

அதனால் இரண்டு கேள்வி. கை பலத்தைத் தூரத்தை வைத்துப் பார்ப்பதா, வேகத்தை வைத்தா? அப்புறம், கல்லூரி ஆட்டத்தில் அது உண்மையிலேயே எவ்வளவு பெரிய விஷயம்?

நாலாம் டவுன்:

2000-க்கு முன்னால் என்று தள்ளிவிடாதீர்கள், தூரம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது டக் ஃப்ளூட்டிதான். 1984 நவம்பர் 23, மயாமியில். பாஸ்டன் காலேஜ் 45-41 என்று பின்தங்கியிருக்கிறது, மிச்சம் 6 வினாடி, பந்து மயாமியின் 48-ஆவது யார்டில். ஃப்ளூட்டி பின்னால் ஓடி ஓடித் தன் பக்கத்துக்கே வந்துவிட்டு, எதிர்க்காற்றில் எறிந்தார். காற்றில் மட்டும் அறுபது யார்டுக்கு மேல் போயிருக்கும். மயாமியின் பாதுகாப்பு ஆட்கள் "இந்தக் குள்ளன் அவ்வளவு தூரம் எங்கே எறியப் போகிறான்" என்று முன்னால் நின்றுவிட்டார்கள். ஜெரார்ட் ஃபீலன் அவர்களைத் தாண்டி எண்ட் ஸோனில் (கடைசிக் கோட்டுக்கு அப்பால் உள்ள பகுதி) நின்று பிடித்தார். 47-45.

பலம் இல்லை என்று பெயர் வாங்கியிருந்ததும் ஒரு வசதி பாருங்கள்!

பழைய மேனேஜர்:

சனிக்கிழமைக்காரன், உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும், ஒரு விரலைப் பணயம் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

2000-களின் தொடக்கத்தில் எம்.எஸ். படிக்க வந்த எனக்குப் பணம் தேவை. பல்கலைக்கழக அணியில் மாணவர் மேனேஜர் வேலை கிடைத்தது. பெயர்தான் மேனேஜர். வேலை என்னவென்றால் துண்டு மடிப்பது, பந்தைத் துடைப்பது, பயிற்சி தொடங்கும் முன் குவார்ட்டர்பேக்குகள் கையைச் சூடாக்கிக்கொள்ளும்போது எதிரே நின்று பிடிப்பது. அதுவரை ஃபுட்பாலை நான் தொட்டதே இல்லை.

எங்களிடம் மூன்றாவது இடத்தில் ஒரு பையன் இருந்தான். ஆறடி நாலங்குலம். அவன் எறிந்தால் பந்து வருமுன் சத்தம் வரும், ஈரத்துணியை உதறினால் வருமே, அந்த மாதிரி ஒரு சீறல். முதல் வாரத்தில் இருபது யார்டில் நின்று ஒரு பந்தை உள்ளங்கையால் தடுக்கப் பார்த்தேன். இடது மோதிர விரல் பக்கவாட்டில் போய்விட்டது. டிரெய்னர் அதை இழுத்து உட்கார வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றி, "பந்தின் மூக்கைப் பார்" என்று மட்டும் சொன்னார். குவார்ட்டர்பேக் ஜான் எல்வே ஸ்டான்ஃபோர்டிலும் டென்வரிலும் எறிந்த பந்துகள் ரிசீவர்களின் (பந்தைப் பிடிக்கிறவர்கள்) நெஞ்சில் சிலுவை போல் தடம் பதிக்கும் என்பார்கள். தையல்கள் சேரும் முனை பதிகிற தடம் அது. கதை என்று நினைத்திருந்தேன். அக்டோபரில் என் நெஞ்சிலும் ஒன்று இருந்தது.

ஆனால் சனிக்கிழமைகளில் ஆடியது அவன் இல்லை. ஆடியவனுடைய பந்தை நான் ஒரு கையால் பிடித்திருக்கிறேன். அவ்வளவு மென்மை.

ஏன் அப்படி என்று ஒரு நாள் பிற்பகல் புரிந்தது. ஃபார் ஹாஷ் அவுட் என்று ஒரு பயிற்சி. மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரி ஆட்டத்தில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு (பந்தை வைத்துத் தொடங்கும் இடத்தின் இரு பக்க எல்லைகள்) நடுவே 40 அடி, தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம்தான். அதாவது கல்லூரியில் பந்து இடது ஹாஷில் இருந்தால், வலது எல்லைக் கோடு 100 அடி தள்ளி. அந்தப் பக்கம் ரிசீவர் 12 யார்டு ஓடி வெளியே திரும்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குவார்ட்டர்பேக், பந்து தொடங்கும் கோட்டுக்கு 7 யார்டு பின்னால் நிற்கிறான். குறுக்கே கணக்குப் போட்டால் பந்து ஏறத்தாழ 36 யார்டு பறக்க வேண்டும். ஆட்டக் குறிப்பில் அது 12 யார்டு பாஸ். கை பலம் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இந்தப் பாஸைத்தான், எழுபது யார்டு வாண வேடிக்கையை இல்லை.

இப்போது வேகத்துக்கு வருவோம். மணிக்கு 55 மைலில் எறிந்தால் அந்த 36 யார்டுக்கு, காற்றுத் தடையை விட்டுவிட்டால், 1.34 வினாடி. 60 மைலில் எறிந்தால் 1.23. வித்தியாசம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஓடிவரும் கார்னர்பேக் (ரிசீவரைக் காக்கும் எதிரணி ஆள்) ஏறத்தாழ ஒரு யார்டு நெருங்குவான். ஒரு யார்டு என்பது சும்மா இல்லை, பந்தைப் பிடிப்பதற்கும் அவன் தட்டிவிடுவதற்கும் உள்ள இடைவெளி அதுதான்.

ஆனால் அன்றைக்கு என் கண் முன்னால் நடந்தது வேறு. பீரங்கிக் கைப் பையன் ரிசீவர் திரும்புகிறவரை காத்திருந்து, திரும்பியதைப் பார்த்துவிட்டு, அப்புறம் எறிந்தான். பந்து சீறிக்கொண்டுதான் போனது. கார்னர்பேக் வந்து தட்டினான். மறுபடி எறிந்தான், மறுபடியும் தட்டினான். மென்மைக் கைக்காரன் வந்தான். ரிசீவர் இன்னும் நேராக ஓடிக்கொண்டிருக்கிறான், முதுகு காட்டியபடி. பந்து கையை விட்டுப் போய்விட்டது. யாருக்கு எறிகிறான் என்று எனக்குக் குழப்பம். ரிசீவர் திரும்பினான், பந்து முகத்துக்கு நேரே இருந்தது. வேகத்தில் இழந்த பத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே எறிந்து மூன்று மடங்காக மீட்டுவிட்டான்.

சரி, பெயர்களுக்கு வருகிறேன். வேகமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்தால் ஜாஷ் ஆலன். 2018 கம்பைனில் (என்.எஃப்.எல். நடத்தும் தேர்வு முகாம்) மணிக்கு 62 மைல். மஹோம்ஸ் 2017-இல் 60. அதே 60-ஐ 2014-இல் தொட்ட இன்னொருவர் வர்ஜீனியா டெக்கின் லோகன் தாமஸ். அவரை எத்தனை பேருக்கு ஞாபகம்? குவார்ட்டர்பேக்காக நிலைக்க முடியாமல் டைட் எண்ட் (பந்தைப் பிடிக்கவும் எதிரணியைத் தடுக்கவும் நிற்கிறவர்) ஆனார், 2020-இல் வாஷிங்டனுக்காக 72 பந்துகளைப் பிடித்தார். எறிந்து பெயர் வாங்க வந்தவர் பிடித்துப் பெயர் வாங்கினார். தவிர, கம்பைனில் அரைக்கால் சட்டை போட்டு, துரத்த ஆளில்லாமல் எறிவதற்கும், முன்னூறு பவுண்டு ஆள் முகத்தில் மூச்சு விடும்போது எறிவதற்கும் சம்பந்தம் குறைவு. தூரத்தை வைத்து ஒப்பிடுவது அதைவிட மோசம். ஆலன் கல்லூரியில் ஆடியது லாரமியில், கடல் மட்டத்திலிருந்து 7,220 அடி உயரம். அங்கே காற்று மெலிந்தது, நீளமான பந்து இன்னும் கொஞ்சம் போகும்.

கல்லூரியில் ஆலன் எறிந்த பந்துகளில் ரிசீவரிடம் சேர்ந்தது 56 சதவீதம், இரண்டு வருடமும். அதை வைத்துப் பலரும் அவரைக் கழித்துக் கட்டினார்கள், நானும்தான். 2020-இல் பஃபலோவில் 69.2 சதவீதம் எறிந்து என் வாயை அடைத்தார். ஆகவே பலம் வீண் என்று நான் சொல்லவில்லை. காற்றடிக்கும் நவம்பரில், திட்டம் உடைந்து குவார்ட்டர்பேக் தப்பி ஓடும்போது, தாமதமாக முடிவெடுத்துவிட்டபோது, அந்த நேரத்தில் பலமான கைதான் காப்பாற்றும். மஹோம்ஸின் அப்பா பேஸ்பால் பிட்சர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்தக் கோணத்தில் கை இருந்தாலும் எறியும் வித்தை அந்த வீட்டுக் காற்று. ஆனால் 734 யார்டைக் கை பலத்துக்குச் சான்றாக வைக்காதீர்கள். 88 தடவை எறிகிற ஆட்டத்தில் பாதி பக்கவாட்டில் கொடுக்கிற சின்னப் பந்து. அது அந்த அணி ஆடிய முறைக்குச் சான்று. அவர் கையைப் பார்க்க வேண்டுமானால் ஓடிக்கொண்டே, கால் ஊன்றாமல் அவர் எறிந்த பத்துப் பந்தைப் போட்டுப் பாருங்கள்.

பரோ விஷயத்தில் உங்கள் மகள் சொல்வது சரி. 2018-இல் எல்.எஸ்.யூ.வில் 57.8 சதவீதம், 16 டச்டவுன். 2019-இல் 76.3 சதவீதம், 60 டச்டவுன், 15-0. ஒரு வருடத்தில் கையா வளர்ந்தது? அதே கை. ஜோ பிராடி வந்து பாஸ் திட்டத்தை மாற்றினார், ஜஸ்டின் ஜெஃபர்சனும் ஜமார் சேஸும் முற்றினார்கள், பரோ எங்கே எறிய வேண்டும் என்பதை ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு) முன்பே படித்துவிட்டார். ஓக்லஹோமாவுக்கு எதிரான அரையிறுதியில் முதல் பாதியிலேயே 7 டச்டவுன். அந்த ஏழையும் நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். ஒன்றில்கூட "அம்மாடி, என்ன கை!" என்று சொல்லத் தோன்றவில்லை.

இடதுகை:

பழைய மேனேஜர் அண்ணா, கெல்லன் மூரை விட்டுவிட்டீர்களே! பாய்ஸி ஸ்டேட், 2008 முதல் 2011 வரை 50 வெற்றி, 3 தோல்வி. 142 டச்டவுன். ஆறடி, சாதாரணக் கை. என்.எஃப்.எல். டிராஃப்டில் (அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) ஒருவரும் எடுக்கவில்லை.

எங்கள் ஜாதி இடதுகைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பந்து எதிர்ப்பக்கமாகச் சுழன்று வரும், பழகாத ரிசீவர் தடுமாறுவான். அலபாமாவின் டுவா டாகோவைலோவா 2018 ஜனவரி 8 அன்று ஜார்ஜியாவுக்கு எதிராக இரண்டாவது டவுன் (நாலு முயற்சிகளில் இரண்டாவது), 26 யார்டு தேவை என்ற நிலையில் எறிந்த 41 யார்டைப் பாருங்கள். பலரும் கையைப் பார்க்கிறார்கள். நான் கண்ணைப் பார்ப்பேன். ஒரு பக்கமே பார்த்து சேஃப்டியை (எதிரணியின் பின்வரிசைக் காவல் ஆள்) அங்கே இழுத்துவிட்டு, மறுபக்கம் டிவான்டா ஸ்மித்துக்கு எறிந்தார். 26-23, ஆட்டம் முடிந்தது. அந்த எறிக்குக் கையும் வேண்டும்தான், இல்லை என்று சொல்லவில்லை.

சனிக்கிழமைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஹாஷ் கோட்டுக் கணக்கை மகளிடம் காட்டினேன். காகிதத்தில் முக்கோணம் வரைந்து 35.5 என்று திருத்திக் கொடுத்தாள். மச்சானிடம் லோகன் தாமஸ் கதையைச் சொன்னேன். "ரஸ்ஸல் ஒன்றும் டைட் எண்ட் ஆகவில்லையே" என்கிறார். இதற்கு என்ன சொல்வது?

பழைய மேனேஜர்:

35.5 சரிதான், எல்லைக் கோட்டுக்குப் பத்து அடி உள்ளே பிடிப்பதாக வைத்துக்கொண்டால். நான் வாத்தியார் வேலைக்கு லாயக்கில்லை.

ரஸ்ஸல் விஷயத்தில் மச்சானை அடியோடு தள்ள முடியாது. 2006-இல் 67.8 சதவீதம், 28 டச்டவுன், 8 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்த பந்து). கண்மூடி எறிகிறவன் எண் இல்லை அது. ஷுகர் பவுலில் நோட்ரடேமை 41-14 என்று அடித்தார்கள், எதிரே பிரேடி குவின். அந்த ஒரு பருவத்தில் கையும் இருந்தது, கணிப்பும் இருந்தது. டிராஃப்டில் முதல் ஆளாகப் போனதில் ஆச்சரியமே இல்லை. 2010-இல் ரெய்டர்ஸ் அணி வெளியே அனுப்பியது தனிக்கதை, நீங்கள் கேட்டது கல்லூரியைப் பற்றி. வெறும் கை பலம் மட்டும்தான் போட்டி என்றால் நானே ஆலன், ரஸ்ஸல், மஹோம்ஸ் என்று வரிசைப்படுத்துவேன். ஒரு சனிக்கிழமை ஜெயித்தே ஆக வேண்டும் என்றால் 2019 பரோவைக் கொடுங்கள்.

முழங்கால் அறுபது யார்டை மட்டும் மச்சான் நேரில் பார்த்தாரா என்று கேளுங்கள்.

சனிக்கிழமைக்காரன்:

கேட்டேன். ரூம்மேட் பார்த்தானாம்.