இருவர் ஆடும் ஆர்கேட் பெட்டிக்கு ஜாய்ஸ்டிக், பொத்தான், திரை: எதை முதலில் முடிவு செய்வது?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. நின்றுகொண்டு இருவர் ஆடக்கூடிய ஆர்கேட் பெட்டி ஒன்றை வீட்டிலேயே செய்யத் தொடங்கியிருக்கிறேன். பக்கப் பலகைகளை 18 மி.மீ. பிளைவுட்டில் அறுத்து முடித்துவிட்டேன்; உள்ளே, பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஆடவைக்கும் மேம் எமுலேட்டர் மென்பொருள் ஓடும் மேசைக் கணினி ஒன்றை வைக்கப் போகிறேன். மரவேலை எனக்குப் பழக்கம் என்பதால் அதில் குழப்பமில்லை. கை படும் பாகங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் முடிவுக்கு வர முடியவில்லை.

வீட்டில் பெரியவர்கள் விரும்புபவை பேக்-மேன், டாங்கி காங், கலகா போன்ற 1980-களின் தொடக்க ஆட்டங்கள். பிள்ளைகளுக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வேண்டும். எனக்கு ஆர்கனாய்டு மிகவும் பிடிக்கும். எந்த ஆட்டமும் விடுபட்டுவிடக் கூடாது என்று, ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக், எட்டு எட்டுப் பொத்தான்கள், நடுவில் ஒரு டிராக்பால் (கையால் உருட்டும் பந்து), அதற்கு மேலே ஒரு ஸ்பின்னர் (சுழற்றும் குமிழ்) என்று கட்டுப்பாட்டுப் பலகையை வரைந்து வைத்திருக்கிறேன்.

ஜப்பானிய வகை ஜாய்ஸ்டிக்கும் பொத்தானும் வாங்குவதா, அமெரிக்க வகையையா? பொத்தான் ஒயர்களைக் கணினியோடு இணைக்கும் என்கோடர் பலகை, கணினிக்கு விசைப்பலகையாகத் தெரிவது நல்லதா, கேம்பேடாகத் தெரிவது நல்லதா? கையில் இருக்கும் 24 அங்குல அகலத் திரை போதுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நண்பரே, பாகங்களைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு தாளில் நீங்கள் உண்மையாகவே ஆடப்போகும் ஆட்டங்களை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் அசல் இயந்திரத்தில் என்ன இருந்தது என்று குறித்துப் பாருங்கள். பேக்-மேன் (1980) நான்கு திசை ஜாய்ஸ்டிக் ஒன்றாலேயே ஆடப்பட்டது. ஆட்டத்துக்கென்று பொத்தானே கிடையாது. டாங்கி காங் (1981) இயந்திரத்தில் நான்கு திசை ஜாய்ஸ்டிக்கும் தாவுவதற்கு ஒரு பொத்தானும் இருந்தன. கலகாவுக்கு (1981) இடம், வலம் இரண்டே திசைகளும் சுடுவதற்கு ஒரு பொத்தானும் போதும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991) எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கையும் ஆறு பொத்தான்களையும் கேட்கிறது. ஆர்கனாய்டுக்கு (1986) முடிவின்றிச் சுழலும் ஒரு குமிழும் ஒரு பொத்தானும் தேவை. நீங்கள் சொன்ன ஆட்டங்களில் ஒன்றுகூட டிராக்பாலைக் கேட்கவில்லை. ஏழாவது, எட்டாவது பொத்தான்களையும் எதுவும் கேட்கவில்லை.

சென்டிபீட், மிசைல் கமாண்ட் போன்றவற்றை நாள்தோறும் ஆடுவீர்கள் என்றால் டிராக்பால் வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வெறும் சிக்கனத்துக்காக இதைச் சொல்லவில்லை. மூன்று அங்குலப் பந்தும் அதன் கூடும் பலகையின் நடுப்பகுதியை எடுத்துக்கொண்டு இரண்டு ஆட்டக்காரர்களையும் விளிம்புக்குத் தள்ளிவிடும். அதன் பிறகு தனியாக ஆடுபவர்கூடத் திரைக்கு நேராக நிற்க முடியாமல் பக்கவாட்டில் நின்று ஆட வேண்டியிருக்கும். ஏதோ ஒரு நாள் தேவைப்படலாம் என்று சேர்க்கும் பாகம் ஒவ்வொன்றும், தினமும் ஆடும் ஆட்டத்திலிருந்து கொஞ்சம் வசதியைப் பிடுங்கிக்கொள்கிறது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் பட்டியலில் உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பேக்-மேன் நான்கு திசை ஆட்டம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் எட்டுத் திசை ஆட்டம். எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் கை சற்றே மூலைப் பக்கம் சாய்ந்தாலும், திசைக்கு ஒன்றாக உள்ள மைக்ரோ சுவிட்சுகளில் இரண்டு ஒரே நேரத்தில் மூடிக்கொள்ளும். மேலே போய்க்கொண்டிருக்கும்போது இடப்பக்கம் திரும்ப நினைக்கிறீர்கள், ஒரு கணத்துக்கு மேலும் இடமும் சேர்ந்து அழுந்துகின்றன, ஆட்டம் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது, திருப்பம் தவறிப்போகிறது. டாங்கி காங்கில் ஏணியைப் பிடிக்க முடியாமல் தடுமாறுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். நான்கு திசைத் தடுப்புத் தகடு மூலைகளை அடைத்துவிடுவதால் அந்த இடத்துக்குக் கோல் போகவே முடியாது.

ஜப்பானிய நிறுவனமான சன்வாவின் ஜேஎல்எஃப் போன்ற ஜாய்ஸ்டிக்குகளில் அடியில் உள்ள தடுப்புத் தகட்டைத் திருப்பிப் பொருத்தி நான்கு திசையாக மாற்றலாம். ஆனால் அதற்குப் பலகையின் அடிப்பக்கம் கையை விட வேண்டும் என்பதால் ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றுவது நடக்காது. கோலை மேலே தூக்கித் திருப்பினாலே நான்குக்கும் எட்டுக்கும் மாறிக்கொள்ளும் ஜாய்ஸ்டிக்குகளும் கிடைக்கின்றன. முதல் ஆட்டக்காரர் பக்கத்துக்கு அப்படி ஒன்றை வாங்குங்கள் என்பது என் பரிந்துரை. இரண்டாவது பக்கத்துக்குச் சாதாரண எட்டுத் திசை போதும்.

இன்னொன்று: துளையிடும் முன் பலகையின் வரைபடத்தை உண்மையான அளவில் அச்சிட்டு, கெட்டி அட்டைப் பெட்டியில் ஒட்டி, பொத்தான்களை மட்டும் அதில் பொருத்திப் பாருங்கள். தரையிலிருந்து 90 முதல் 100 செ.மீ. உயரத்தில் அதை வைத்து, இருவர் அருகருகே நின்று, தோள் இடிக்கிறதா, மணிக்கட்டு மடங்குகிறதா என்று பார்த்துவிட்டு அதன் பிறகு மரத்தில் கை வையுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியோடு நான் உடன்படுகிறேன். நான்கு திசை விஷயத்தில் மட்டும் என் கருத்து வேறு. மாற்றிக்கொள்ளும் வகையை வைத்தால், ஆடத் தொடங்குபவர் ஒவ்வொரு முறையும் அது எந்த நிலையில் இருக்கிறது என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். விருந்தினரும் பிள்ளைகளும் அதைச் செய்யமாட்டார்கள்; ஸ்ட்ரீட் ஃபைட்டரில் மூலைப் பக்கம் போகவில்லை, ஜாய்ஸ்டிக் பழுதாகிவிட்டது என்றுதான் சொல்வார்கள். டிராக்பாலை நீக்கியதும் நடுவில் இடம் கிடைக்கிறது அல்லவா, அங்கே நான்கு திசைக்கென்றே ஒரு தனி ஜாய்ஸ்டிக்கையும் இருபுறமும் ஒவ்வொரு பொத்தானையும் வையுங்கள். பேக்-மேனும் டாங்கி காங்கும் திரைக்கு நேர் நடுவில் நின்று ஆடப்படும்; இடக்கையர், வலக்கையர் இருவருக்கும் அது பொருந்தும். அதன் ஒயர்களை முதல் ஆட்டக்காரரின் ஜாய்ஸ்டிக் முனைகளோடு இணையாகச் சேர்த்துவிடலாம் என்பதால் என்கோடரில் கூடுதல் முனைகளும் தேவையில்லை.

ஜப்பானிய வகையா, அமெரிக்க வகையா என்பதில் பெரும்பாலோர் சுவையைப் பற்றியே பேசுவார்கள். கட்டுப்பாட்டுப் பலகையையும் அதே பிளைவுட்டில் செய்வதானால், உங்களுக்கு அதைவிட முக்கியமானது 18 மி.மீ. என்ற அந்தத் தடிமன். சன்வா ஓபிஎஸ்எஃப்-30 போன்ற ஜப்பானியப் பொத்தான்கள் மெல்லிய உலோகத் தகட்டில் அழுத்திப் பூட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் பக்கவாட்டுப் பிடிகள் தகட்டின் அடியில் விரிந்து மாட்டிக்கொள்ள வேண்டும், 18 மி.மீ. மரத்தில் அவை துளைக்குள்ளேயே அமுங்கிக் கிடக்கும். திருகுமரை கொண்ட ஜப்பானியப் பொத்தான்களுக்கும் இந்தத் தடிமனில் மரையை மாட்ட இடம் போதாது. ஹேப் வகை அமெரிக்கப் பொத்தான்களின் கழுத்து நீளமானது. தடித்த மரப்பலகைக்கென்றே வந்தது. துளையும் 30-க்குப் பதிலாக ஏறத்தாழ 28 மி.மீ. மட்டுமே. ஆகவே எந்த வகை என்று தீர்மானிக்கும் வரை துளைக்கும் கருவியைத் தொடாதீர்கள், ஏனெனில் 28-ஐ 30 ஆக்கலாம், 30-ஐ 28 ஆக்க முடியாது.

கைக்கு எப்படி இருக்கும் என்றால், ஜப்பானியப் பொத்தான் விரல் பட்டவுடன் இறங்கிவிடும்; அமெரிக்கப் பொத்தான் குழிந்த தலையோடு, அழுத்தமாகவும் கேட்கும்படியான சொடுக்கோடும் இறங்கும். ஜேஎல்எஃப் ஜாய்ஸ்டிக்கின் சுருள்வில் மென்மையானது. உருண்டைத் தலையை விரல்களுக்கிடையே தளர்வாகப் பிடித்து ஆட வேண்டும். ஹேப் வகையின் பேரிக்காய் வடிவத் தலை முழுக்கையால் பற்றி இழுப்பதைத் தாங்கும். செய்மிட்சு எல்எஸ்-32 என்ற இன்னொரு ஜப்பானிய ஜாய்ஸ்டிக் ஜேஎல்எஃப்பைவிடச் சற்று இறுக்கமானது. சுட்டுத்தள்ளும் ஆட்டங்களை ஆடுபவர்கள் பலர் அதை விரும்புகிறார்கள். பிள்ளைகள் ஸ்ட்ரீட் ஃபைட்டரை முனைந்து ஆடுவார்கள் என்பதால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஜப்பானிய வகையையே வாங்குவேன். ஆனால் மேற்பலகையை 18 மி.மீ. மரமாக விடாமல், மரச் சட்டத்தின் மேல் 2 மி.மீ. உலோகத் தகடு ஒன்றைப் பதித்துக்கொள்வேன். மரமே வேண்டுமென்றால், பலகையை அடியிலிருந்து ரவுட்டரால் (மரம் குடையும் கருவி) குடைந்து ஜாய்ஸ்டிக்கை உள்ளே இறக்கிப் பொருத்துங்கள். இல்லையெனில் கோலின் பெரும்பகுதி மரத்துக்குள் மறைந்து, மேலே உருண்டை மட்டும் குட்டையாக நிற்கும்.

பிளைவுட்டில் துளையிடும்போது ஃபார்ஸ்ட்னர் பிட் (அடி தட்டையான துளை இடும் துளைமுனை) பயன்படுத்தி, அடியில் ஒரு கழிவுப் பலகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முகப்புப் பக்கத்திலிருந்து இறங்குங்கள். அப்படிச் செய்தால் விளிம்பு பிய்யாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. டிராக்பாலை நீக்கிவிட்டேன், ஆளுக்கு ஆறு பொத்தான்கள் போதும் என்றும், நடுவில் நான்கு திசை ஜாய்ஸ்டிக்கை வைப்பது என்றும் முடிவு செய்திருக்கிறேன். ஸ்பின்னரை அந்த நடு ஜாய்ஸ்டிக்குக்கும் இரண்டாவது ஆட்டக்காரருக்கும் இடையே வைக்க இடம் இருக்கிறது. மேற்பகுதிக்கு உலோகத் தகடு என்ற யோசனை மிகவும் பிடித்திருக்கிறது. என்கோடரையும் திரையையும் பற்றி யாராவது சொன்னால் பட்டியல் முழுமையாகிவிடும்.

மறுமொழி 3

திரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெட்டியின் அகலத்தை அதுதான் தீர்மானிக்கும். உங்கள் ஆட்டங்களில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் மட்டுமே 4:3 கிடைமட்டப் படம். மற்றவை எல்லாம் நின்ற படங்கள். பேக்-மேனின் படம் 224 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்டது. 24 அங்குல 16:9 திரையின் உயரம் ஏறத்தாழ 11.8 அங்குலம்தான். அதில் 4:3 படம் 19.6 அங்குலத் திரைக்குச் சமமாக வரும். நின்ற படமோ ஏறத்தாழ 14.7 அங்குலமாகச் சுருங்கிவிடும். அதாவது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆடப்போகும் ஆட்டங்கள் அனைத்தும் இருபுறமும் கறுப்புப் பட்டைகளோடு சிறியதாகத் தெரியும். 20 அங்குல 4:3 எல்சிடி ஒன்று கிடைத்து, அதைச் சுழலும் தாங்கியில் மாட்டினால், இரண்டு வகைப் படமும் முழு 20 அங்குலத்துக்கு வரும். சுழற்றப் போகிறீர்கள் என்றால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைப் பேனலாகப் பாருங்கள். டிஎன் என்ற மற்றொரு வகைப் பேனலில் மேலிருந்தும் கீழிருந்தும் பார்க்கும்போதுதான் நிறம் அதிகம் மாறும். திரையை நிமிர்த்தி வைத்ததும் அந்தக் குறை இடவலமாகத் திரும்பி, பக்கத்தில் நிற்பவருக்கு நிறங்கள் வெளிறித் தெரியும்.

பழைய டிவிகளில் இருந்த சிஆர்டி படக்குழாயின் படத்தை நானும் நேசிக்கிறேன்; அந்த ஒளிர்வை எல்சிடி தருவதில்லை. ஆனால் அதன் ஆனோடில் பல்லாயிரம் வோல்ட் இருக்கும், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் தங்கியிருக்கும். அந்த மின்னழுத்தத்தைப் பாதுகாப்பாக வெளியேற்றப் பயிற்சி பெற்றவர் உடன் இல்லாமல் முதல் பெட்டியில் சிஆர்டியை வைக்க வேண்டாம்.

என்கோடர் கேள்விக்கு என் பதில், விசைப்பலகையாகத் தெரியும் வகை. கேம்பேடாகத் தெரியும் ஒரே மாதிரியான இரண்டு பலகைகளை மாட்டினால், கணினி மறுமுறை தொடங்கும்போது முதலாமவர் யார், இரண்டாமவர் யார் என்பது இடம் மாறிவிடக்கூடும். ஐ-பேக் போன்ற விசைப்பலகை என்கோடரில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனி முனை இருப்பதால் இருவரும் ஒரே நேரத்தில் பல பொத்தான்களை அழுத்தினாலும் எதுவும் விடுபடாது. பழைய விசைப்பலகையைப் பிரித்து அதன் சுற்றுப்பலகையைப் பயன்படுத்துவோர் சந்திப்பது துல்லியமாகப் பொத்தான்கள் விடுபடும் இந்தப் பிரச்சினையைத்தான். மேமின் இயல்பான விசை அமைப்பே ஐ-பேக்கிலும் முன்கூட்டியே இருப்பதால், ஒயர்களை மாட்டியவுடன் ஆடிப் பார்க்கலாம். முனைகளை எண்ணும்போது தொடங்கும் பொத்தான்களையும் காசுப் பொத்தான்களையும் மறக்காதீர்கள். ஆட்டத்திலிருந்து வெளியேறுவதற்கான பொத்தானை, ஆட்டத்தின் நடுவே தவறிக் கை படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

ஒயரிங் எளிதுதான். ஒவ்வொரு மைக்ரோ சுவிட்சிலும் பொது முனையையும், சாதாரணமாகத் திறந்திருக்கும் முனையையும் மட்டும் பயன்படுத்துங்கள். பொது முனைகளை எல்லாம் ஒரே ஒயரால் கோத்துச் சென்று, கடைசி முனையை மறுபடி என்கோடரிலேயே சேர்த்து வளையமாக முடித்துவிட்டால், எங்காவது ஓரிடத்தில் இணைப்பு கழன்றாலும் எந்தப் பொத்தானும் செயலிழக்காது. ஜாய்ஸ்டிக்கில் கோலை மேலே தள்ளும்போது கீழ்ப்பக்கத்துச் சுவிட்சுதான் அழுந்தும் என்பதை நினைவில் வைத்து முனைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானியப் பொத்தான்களின் முனை 2.8 மி.மீ., அமெரிக்க வகையினுடையது 4.8 மி.மீ.; இணைப்பிகளை அதற்கேற்ப வாங்குங்கள்.

ஸ்பின்னர் இந்த என்கோடருக்குள் வராது. அது யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு மவுஸாகத் தெரியும். எவ்வளவு சுழற்றினால் மட்டை எவ்வளவு நகர வேண்டும் என்பதை மேமில் அந்த ஆட்டத்துக்கென்று தனியாக அமைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி 1

நடுவில் தனி ஜாய்ஸ்டிக் என்ற யோசனை என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. இடம் இருக்கும்போது அதுவே சரி. அதற்கு நான்கு திசைத் தகட்டை நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். மேற்பகுதி உலோகமாக இருக்கப் போவதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பெட்டிக்குள் வீட்டு மின்சாரம் வருகிறது, ஆகவே அந்தத் தகட்டைக் கட்டாயம் எர்த் செய்யுங்கள். மின் இணைப்புகளை மூடிய பெட்டி ஒன்றுக்குள் வைத்து, பொத்தான் ஒயர்கள் ஓடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுசெல்லுங்கள். பலகையைப் பின்பக்கம் கீல் வைத்துத் திறக்கும்படி அமைத்தால், பிறகு ஒரு மைக்ரோ சுவிட்சை மாற்றுவதற்காகப் பெட்டி முழுவதையும் கழற்ற வேண்டியிருக்காது.