காரட் கொடுத்தால் குதிரை இன்னும் துள்ளுகிறது, என்ன செய்வது?

பினாங்குக்காரன்:
வணக்கம். 1864-இல் தொடங்கிய பினாங்கு குதிரைப் பந்தய கிளப், பத்து காந்தோங் திடலில் 2025-இல் ஓட்டத்தை நிறுத்தியது எல்லாருக்கும் தெரியும். பந்தயத்தை விட்ட ஒரு குதிரையை நண்பரும் நானும் எடுத்து வளர்க்கிறோம், காயடித்தது, எட்டு வயது. லாயத்துக்குள் சாது. கயிறு போட்டு வெளியே கூட்டி வந்தால் தலையைத் தூக்கி, மூக்கை விரித்து, என்னைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறான். மூக்கில் சங்கிலி போட்டு இழுக்க எனக்கு மனசு வரவில்லை. அழுத்தினால் ‘கிளிக்’ என்று சத்தம் போடும் சின்னக் கருவியான கிளிக்கர் வாங்கி, அசையாமல் நின்றால் கிளிக் செய்து காரட் கொடுத்தேன். இப்போது என் இடுப்புப் பையை முட்டுகிறான், கையைக் கவ்வ வருகிறான். தீனி காட்டிப் பழக்குவதே தப்பா?

சுங்கை பீசி சைஸ்:
தம்பி, தீனியில் தப்பில்லை. பசியோடு இருக்கிறவனிடம் காரட்டைக் காட்டினால் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. குதிரை வயிற்றில் அமிலம் ஓயாமல் ஊறும், நாள் முழுக்க மேயப் பிறந்த உயிர் அது, அதனால் முதலில் வலை நிறையக் காய்ந்த புல் போட்டு நன்றாகத் தின்ன விடுங்கள், பழக்கும்போதும் காரட்டுக்குப் பதில் அதே புல்லில் ஒரு பிடி போதும், மெதுவாக மெல்லுவான். அப்புறம் லாயக் கதவை மூடி, நீங்கள் வெளியே, அவன் உள்ளே. முகம் உங்கள் பையை விட்டு விலகுகிற நொடியில் கிளிக். தீனியை அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டுங்கள், உங்கள் உடம்போடு ஒட்டிக் கொடுத்தால் அங்கேதான் தேடுவான்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அசையாமல் நின்றதற்குக் கொடுத்தேன் என்கிறீர்கள். கல் மாதிரி விறைத்து நிற்கிற குதிரையும் அசையாமல்தான் நிற்கும், அந்த விறைப்புக்குத்தான் கூலி கொடுத்திருக்கிறீர்கள். கண் சிமிட்டுகிறானா, நீளமாக மூச்சு விடுகிறானா, தலை முதுகு மட்டத்துக்குக் கீழே இறங்குகிறதா, அதைப் பாருங்கள். தலை இறங்கியதும் கிளிக், தீனி தரையில் இருக்கும் வாளியில். ஐந்து நிமிஷம் போதும், நிறுத்திவிடுங்கள்.

செத்தாப்பாக் அக்கா:
சைஸ் அண்ணன் சொன்னது சரி. ஆனால் முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள் தம்பி, பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் சகஜம், வலியோடு இருக்கிற குதிரையை எந்தப் பயிற்சியாலும் அமைதிப்படுத்த முடியாது. தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி எண்ணப் பழகுங்கள். சும்மா நிற்கும்போது நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். வெளியே வந்து நின்ற பிறகும் அது இறங்கவே இல்லையென்றால் அன்றைக்குக் கூடுதல் தூரம் வந்துவிட்டீர்கள், திருப்பிக் கூட்டிப் போங்கள். என் பெண்குதிரை இடிச்சத்தத்துக்கு நடுங்குவாள், கோலாலம்பூரில் சாயங்கால இடி உங்களுக்குத் தெரியுமே, அதனால் நாங்கள் காலையில் மட்டும்தான் பழக்குகிறோம்.

பினாங்குக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. பத்து நாளாகக் கதவுக்குப் பின்னால்தான் பழக்கினேன். நேற்று கதவைத் தாண்டி ஆறடி வந்தோம். ஒரு மோட்டார் போனது, தலையைத் தூக்கினான், நான் ஒன்றும் செய்யவில்லை, தானே இறக்கினான். பை பக்கம் திரும்பவே இல்லை. வைத்தியர் சனிக்கிழமை வருகிறார்.