ஃபியூயல் ரெயில் அழுத்தத்தை இறக்கப் பாதுகாப்பான வழி எது?

என் பெட்ரோல் காரில் இன்ஜெக்டர் ஓ-ரிங் (ரப்பர் சீல் வளையம்) ஒன்று கசிகிறது. மாற்ற வேண்டும். இது போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிதான் (பெட்ரோலைக் குறைந்த அழுத்தத்தில் இன்டேக் குழாயில் தெளிக்கும் வகை). ஆனாலும் இன்ஜினை அணைத்த பிறகும் ஃபியூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) சுமார் 3 பார் அழுத்தம் நிற்கும் என்பதால் அப்படியே கழற்றப் பயமாக இருக்கிறது.

வழக்கமாக ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடச் சொல்வார்கள். ஆனால் கசிவு இருக்கும்போது ஸ்டார்ட் செய்யலாமா? இக்னிஷன் காயில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் கொடுக்கிறது, பக்கத்திலேயே பெட்ரோல் ஆவி! அழுத்தம் இறக்க ரெயிலில் வால்வும் கிடையாது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றியாயிற்று. தீயணைப்பான், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை எல்லாம் தயார். இன்ஜின் நன்றாக ஆறியபின், ரெயிலின் பெட்ரோல் குழாய் இணைப்பைத் துணியால் சுற்றி மெல்லத் தளர்த்தினால் போதுமா? அப்புறம், மாட்டி முடித்ததும் கசிவை எப்படிச் சோதிப்பது? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.